பத்துக்கு எத்தனை

முட்டி அறுபத்தெட்டில் நின்றுவிட்டது.

நான்கு நாளாக அதே அறுபத்தெட்டு டிகிரி. வலியக்கா கோணமானியை ஈரத்துணியால் துடைத்து, முட்டியின் பக்கவாட்டில் மறுபடி வைத்துக் குனிந்து பார்த்தாள். ஒரு கோடுகூட ஏறவில்லை. தையல் காய்ந்து, தழும்பு இளஞ்சிவப்பாகிவிட்டது. ஆனால் முட்டி மட்டும் பூட்டுப் போட்டதுபோல உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் பார்க்கப் போகிறார். தொண்ணூறு வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வராவிட்டால் மறுபடி மயக்கம் கொடுத்துத் தன் கையாலேயே மடக்கிவிடுவார். அப்படி மடக்கும்போது புதிதாக வைத்துத் தைத்த ஜவ்வு தாங்கலாம், தாங்காமலும் போகலாம். அறுந்தால் மறுபடி கத்தி. அதற்குப் பிறகு இந்தப் பெண் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்பது கனவில்தான்.

இன்று செவ்வாய்.

"வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டாள் வலியக்கா.

"மூணு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"மூணுதான்க்கா. உங்களுக்காக வேணும்னா மூணேகால்னு வச்சுக்குங்க."

சொன்னவள் சிரிக்கவும் செய்தாள். இருபத்துமூன்று வயது. பல்பு கம்பெனியில் பெட்டி அடுக்கும் வேலை. கம்பெனிப் பெண்கள் அணிக்குக் கோல்கீப்பர். பந்து எந்தப் பக்கம் வந்தாலும் உடம்பைக் குறுக்கே போடுவாள் என்பதால் கூட ஆடுகிறவர்கள் அவளுக்கு 'சுவரு' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு மாதத்துக்கு முன் அப்படிப் பாய்ந்தபோது, எதிரணிக்காரி ஒருத்தி முழு எடையோடு அவள் காலின்மேல் விழுந்துவிட்டாள்.

வலியக்காவுக்கும் அது சொந்தப் பெயர் அல்ல. இருபது வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவள். இப்போது, விளையாட்டில் அடிபட்டு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களைத் தேடிப் போய், வலியை எப்படிக் கையாளுவது என்று சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. எந்த மாத்திரை எந்த நேரத்தில், ஐஸ் எத்தனை நிமிஷம், தலையணை எங்கே, மூச்சு எப்படி, எந்த வலிக்கு நிறுத்தவேண்டும், எந்த வலியைத் தாண்டிப் போகலாம். "வலியக்கா வந்துட்டாங்க, கதவைச் சாத்து" என்று பையன்கள் கேலி செய்வார்கள். அப்புறம் அவர்களே போன் போட்டு, "அக்கா, இன்னைக்கு ஏன் வரல?" என்பார்கள்.

ஒவ்வொரு வீட்டுப் படியேறும்போதும் அவள் மனசுக்குள் ஒரே பிரார்த்தனைதான். 'ஆண்டவரே, என் கைக்குப் புத்தி கொடு.' இந்த வீட்டுக்கு முப்பத்தொரு படி. கீழே ஒரு சலூன், மேலே இந்த ஒரே வீடு. பிரார்த்தனையை ரெண்டு தடவை சொல்லிமுடிக்கலாம்.

"சரி, இன்னொரு பத்து தடவை சறுக்கு."

கட்டிலின்மேல் ரொட்டி சுடும் தகரத்தட்டு ஒன்று கிடந்தது. அதில் ஒரு பிடி மாவு தூவியிருந்தார்கள். அந்த மாவின்மேல் குதிகாலை வைத்து, பின்பக்கம் இழுத்து இழுத்து முட்டியை மடக்க வேண்டும். பேக்கரியில் அடுப்படி வேலை பார்க்கும் அப்பா கொண்டுவந்து கொடுத்த தட்டு. எந்த ஆஸ்பத்திரிச் சாமானும் இத்தனை வழுக்கலாக இருந்ததில்லை.

"மூச்சை இழுக்கும்போது சும்மா இரு. விடும்போது இழு. ம்... விடு... விடு..."

குதிகால் நகர்ந்தது. ஓர் இடத்தில் நின்றது. வலியக்கா தன் உள்ளங்கையை முழங்காலுக்குக் கீழே வைத்து லேசாக அழுத்தினாள். மூணு என்று சொல்கிறவளை அழுத்தலாம். நான்கு நாளாக அப்படித்தான் அழுத்திக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் கால்விரல்களைப் பார்த்தாள். அடிபடாத காலின் விரல்கள். போர்வையைக் கவ்விப் பிடித்து, நகம் வெளுத்துப் போயிருந்தன. மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

வலியக்கா கையை எடுத்துவிட்டாள்.

"பத்து மணிக்குப் பயிற்சி. ஒம்பதரைக்கு அந்தப் பெரிய மாத்திரையப் போட்டியா?"

"போட்டேன்."

"அட்டையைக் காட்டு, பாக்கலாம்."

"அம்மா பத்திரமா வச்சிருக்காங்க."

"எங்க?"

பெண் உள்ளறைத் திரைச்சீலையை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பக்கம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். விடியற்காலை அடுப்பு மூட்டி, ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வந்து படுத்தால் நாலு மணிவரை எழுந்திருக்க மாட்டார். சன்னமான குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, மெதுவாப் பேசுங்க," என்றாள்.

வலியக்கா எழுந்து சமையலறைப் பக்கம் போனாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அலமாரிகளை நோட்டமிட்டாள். வார்டில் இருந்த கண், தேடினால் தப்பாது. உப்பு, பயறு, டீத்தூள், பீங்கான் கோப்பைகள், மடித்து வைத்த மாவுப்பைகள். அட்டை இல்லை. அது மட்டுமா? தலைவலிக்குப் பூசுகிற தைலம் இல்லை. அடுப்பில் வேகிற மனுஷன் இருக்கிற வீட்டில் தீப்புண்ணுக்கு ஒரு களிம்புகூட இல்லை. இருமல் மருந்துப் புட்டி ஒன்று? அதுவும் கிடையாது. மருந்து என்ற பெயரில் ஒரு பொருள் அந்த வீட்டில் இல்லவே இல்லை.

திரும்பி வந்து, ஐஸாக உறைந்த பட்டாணிப் பையை முட்டியின்மேல் வைத்து, "இருபது நிமிஷம். நான் நாளைக்கு வரேன். அதுவரைக்கும் யாரும் இதை மடக்க வேணாம்," என்றாள்.

"நாள் இல்லியேக்கா," என்றாள் பெண். குரல் முதல் தடவையாக உடைந்தது. உடனே திரையைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

*

ஆஸ்பத்திரிக்கும் ரெண்டு ஹோட்டலுக்கும் சேர்த்துத் துவைக்கிற சலவைக்கூடத்தில் பெண்ணின் அம்மாவுக்கு வேலை. வலியக்கா உள்ளே நுழைந்ததும் நீராவி முகத்தில் அறைந்தது. பெரிய உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்புகள் போய், மறுபக்கம் சுடச்சுட வெளியே வந்துகொண்டிருந்தன. அவற்றை இருவர் இருவராக நின்று பிடித்து மடிக்க வேண்டும். ரெண்டு முனையை ஒருத்தி, ரெண்டு முனையை ஒருத்தி. எதிரெதிரே நடந்து வந்து கையோடு கை சேர்த்து, விலகிப் போய், மறுபடி சேர்ந்து.

அம்மாவுக்கு ஜோடியாக நிற்கிறவள் டீ குடிக்கப் போயிருந்தாள். விரிப்பின் ஒரு முனை தரையில் இழுபட, அவள் தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள். வலியக்கா போய் அந்த முனையைப் பிடித்தாள்.

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "பாப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாருக்கா. நீங்க மடிங்க."

ரெண்டு பேரும் நெருங்கினார்கள். கைகள் தொட்டன.

"மாத்திரை எங்கம்மா?"

அம்மா முனைகளை வாங்கிக்கொண்டு விலகினாள். அடுத்த விரிப்பு வந்தது. எட்டிப் பிடித்தார்கள். மறுபடி நெருங்கினார்கள்.

"வீட்டுல இல்ல. நான் பாத்துட்டேன். எங்க வச்சிருக்கீங்க?"

"இங்கதான்," என்றாள் அம்மா, சூடான துணிக்குமேல் குனிந்து. "எம்பெட்டியில. பூட்டி வச்சிருக்கேன்."

"இங்க எதுக்கு?"

"சத்தமாப் பேசாதீங்க." மடித்ததை அடுக்கில் வைத்துத் தட்டினாள். "சாயங்காலம் போகும்போது ஒண்ணே ஒண்ணு கைக்குட்டையில முடிஞ்சு எடுத்துட்டுப் போறேன். அவரு எழுந்திரிக்கறதுக்குள்ள அவ வாயில போட்டுடறேன்."

"ஒண்ணா? ஒரு நாளைக்கு மூணு எழுதியிருக்கு. அதுவும் பயிற்சிக்கு அரை மணி முன்னாடி. நீங்க நாலு மணிக்குக் கொடுத்தா, காலையில பத்து மணிக்கு அவ எதை வச்சுக் காலை மடக்குவா?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டுதான்," என்றாள் அம்மா. அவள் கண்ணில் நீர் முட்டியது. நீராவிக் கூடத்தில் அது ஒரு வசதி. யாரும் கவனிக்க மாட்டார்கள்.

விரிப்புகள் வந்துகொண்டே இருந்தன. மடித்துக்கொண்டே, நெருங்கும்போதெல்லாம் ரெண்டு ரெண்டு வாக்கியமாக, அவள் கதையைச் சொன்னாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் பேக்கரியில் மாவு மூட்டை சரிந்து அவர் தோளில் விழுந்தது. இதே பெரிய மாத்திரைதான், ரெண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். ரெண்டு வருஷம் தின்றார். "அப்ப நான் பாத்தது என் புருஷனே இல்லக்கா. அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு வேற யாரோ வீட்டுல நடமாடின மாதிரி இருக்கும்." ஒரு நாள் அடுப்பு முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டார். பக்கத்தில் நின்ற கூட்டாளியின் கை வெந்துபோயிற்று. அன்றைக்கு விட்டதுதான். எப்படி விட்டார் என்பதை அவளால் சொல்ல முடியவில்லை. "பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளை எந்தப் பகையாளிக்கும் கொடுக்கக் கூடாது." அப்போதிலிருந்து அந்த வீட்டுக்குள் ஒரு மருந்தும் வந்ததில்லை. தலைவலித்தால் ஈரத்துணி. காய்ச்சல் வந்தால் கஞ்சி. ஏழு வருஷம். அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"அவதான் சொன்னா. ஆஸ்பத்திரியில கண் முழிச்ச உடனே அவ பேசின முதல் பேச்சே அதான். 'அம்மா, அதை வீட்டுக்குள்ள கொண்டு வராதே. அப்பா நல்லாருக்காரு.' "

வலியக்காவின் கையிலிருந்து விரிப்பின் முனை நழுவியது. நான்கு நாளாக மூணு, மூணு என்று சொன்ன வாயை நம்பித் தன் உள்ளங்கையால் அழுத்தியது நினைவுக்கு வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர் காதில் விழுந்துவிடக் கூடாதென்று ஒரு பெண் சத்தமில்லாமல் சித்திரவதைப்பட்டிருக்கிறாள். அழுத்தியது யார் கை? கைக்குப் புத்தி கேட்டுத்தானே தினமும் படியேறினாள்.

"அவர்கிட்ட சொல்லிடுங்கம்மா."

"ஐயோ, வேணாம்க்கா. தெரிஞ்சா இடிஞ்சு போயிடுவாரு. இல்லேன்னா மறுபடி..." அவள் அடுத்த விரிப்பை இழுத்தாள்.

"நானா வாயத் திறக்க மாட்டேன். ஆனா அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அதுக்கு மேல என்கிட்ட எதிர்பாக்காதீங்க."

*

புதன்கிழமை, வழக்கமான பத்து மணியை விட்டுவிட்டு நாலரைக்குப் போவதாக ஏற்பாடு. அம்மா நாலு மணிக்கு வருவாள், மாத்திரையைக் கொடுப்பாள், அரை மணி கழித்து மடக்கலாம். ஒரு வேளையாவது ஒழுங்காக நடக்கட்டும் என்று வலியக்கா நினைத்தாள். மூன்று வேளை செய்ய வேண்டியதை ஒரு வேளையில் செய்து வெள்ளிக்கிழமையைப் பிடிக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ஆனால் சலவைக்கூடத்தில் அன்று உருளை ஒன்று மக்கர் பண்ணிவிட்டது. அம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது நாலரை ஆகிவிட்டது. வலியக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, மகளின் வாயில் மாத்திரையைப் போட்டு, தண்ணீர்க் குவளையை நீட்டினாள்.

திரை விலகியது.

அப்பா நின்றிருந்தார். பெரிய உருவம். முன்னங்கைகளில் அடுப்புச் சூடுகள், பழையவை, புதியவை. புருவத்தில் மாவு இன்னும் ஒட்டியிருந்தது.

"அது என்ன?"

"எது?" என்றாள் அம்மா.

"அவ வாயில போட்டியே."

"மிட்டாய்."

"மிட்டாயை யாராச்சும் தண்ணி ஊத்தி முழுங்குவாங்களா?"

கீழே சலூனில் கத்தரிக்கோல் சத்தம் டிக் டிக்கென்று கேட்டது. அவர் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் வலியக்காவைப் பார்த்தார்.

"சிஸ்டர், நீங்க சொல்லுங்க."

"மாத்திரை, அண்ணே. வலி மாத்திரை."

அவர் மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். நாற்காலி இருந்தது, தரையில்தான் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"முதல் நாள்ல இருந்தே," என்றாள் மகள்.

"மீதி மாத்திரை?"

"என் பெட்டியில. வேலை செய்யற எடத்துல," என்றாள் அம்மா.

"அப்போ காலையில இவ... நான் உள்ள தூங்கிட்டு இருக்கேன், இவ இங்க மாத்திரை இல்லாமதான்..." அவர் மகளின் காலைப் பார்த்தார், தகரத்தட்டைப் பார்த்தார். "ஒரு சத்தம் கேக்கலியே கண்ணு. நீ ஒரு தடவைகூட கத்தலியே. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எம்பொண்ணு தைரியசாலின்னு பேக்கரியில எல்லார்கிட்டயும் பெருமை பேசிட்டுத் திரிஞ்சேன்."

எழுந்தார். உள்ளே போனார். ஒரு துண்டையும் மாற்றுச் சட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"நான் பேக்கரி மாவு அறையில படுத்துக்கறேன். இவ கால் சரியாகுற வரைக்கும். மாத்திரைய இங்க கொண்டு வந்து வைங்க."

"அப்பா, நீங்க வாசல் தாண்டினா நான் இந்தக் காலை மடக்க மாட்டேன்."

"அடம் பிடிக்காதே."

"மடக்க மாட்டேன். நொண்டியாவே இருந்துட்டுப் போறேன். சத்தியமா."

"ஏய், வாயை மூடு!" என்று அம்மா கத்தினாள். யாரைப் பார்த்துக் கத்தினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அவர் கதவின்மேல் கை வைத்துவிட்டார். மகள் கட்டிலிலிருந்து காலை இறக்க முயன்று, வலியில் அப்படியே மடங்கினாள். வலியக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த நொடியில் அவளுக்கு எந்த யோசனையும் தோன்றவில்லை. இருபத்தைந்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு நாக்கில் ஊறிப்போன ஒன்றுதான் வாயில் வந்தது.

"அண்ணே, உங்களுக்கு இப்ப பத்துக்கு எத்தனை?"

அவர் திரும்பினார். "எனக்கா? எனக்கு என்ன வலி?"

"வலியைக் கேக்கல. அந்த மாத்திரை மேல உங்களுக்கு வர்ற ஆசை. அதைக் கேக்கறேன்."

அந்த வீட்டில் ஏழு வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை ஓர் அந்நியப் பெண் கூடத்தின் நடுவே தூக்கிப் போட்டுவிட்டாள்.

அவர் துண்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"சாதாரண நாள்ல ரெண்டு," என்றார். "அடுப்பு முன்னாடி தோள் வலிச்சா மூணு. மருந்துக்கடை வாசலைத் தாண்டிப் போகும்போது நாலு, நாலரை. இப்ப..." மகளின் கையிலிருந்த காலிக் குவளையைப் பார்த்தார். "இப்ப ஆறு. உள்ள ஒரு அட்டை மாத்திரை இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு நான் இந்த வீட்டுல தனியா முழிச்சிருந்தா, ஒம்பது."

"ஏங்க, ஒரு நாளும் சொன்னதில்லையே," என்றாள் அம்மா.

"ஒரு நாளும் நீ கேக்கலியே. போயிடுச்சுன்னு நீ நிம்மதியா இருந்தே. அதை ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் மூணு இல்லப்பா," என்றாள். "எட்டு. நேத்து ஒம்பது."

அப்பா அழுதார். பெரிய உடம்புக்காரர்கள் அழும்போது சத்தம் வருவதில்லை. தோள் மட்டும் குலுங்கும்.

ஆளுக்கொரு பொய்யை அன்பென்று நினைத்து இத்தனை நாள் காத்து வந்தவர்கள் அவர்கள். யாரையும் குறை சொல்ல வலியக்காவுக்கு மனம் வரவில்லை. கடவுள் இப்படிப்பட்ட பொய்யை எந்தக் கணக்கில் வைப்பார் என்று அவள் பல தடவை யோசித்திருக்கிறாள். விடை கிடைத்ததில்லை. ஆனால் பொய்யால் முட்டி மடங்காது என்பது மட்டும் அவளுக்கு நிச்சயம்.

"அண்ணே, ஒம்பது வர்ற எடத்துல உங்களை நிறுத்தினா அது என் தப்பு. மாத்திரை வீட்டுக்குள்ள வேணாம். ஆனா கூப்பிடு தூரத்துல இருக்கணும். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நேரம் தவறாம கொண்டு வந்து, கண் முன்னாடி முழுங்க வச்சுட்டுப் போற ஒரு ஆள் வேணும். யாரு இருக்கா?"

அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு அந்தத் தரைக்குக் கீழேயிருந்து வந்த கத்தரிக்கோல் சத்தத்தைக் கேட்டார்.

"மாஸ்டர் இருக்காரு."

"சலூன் மாஸ்டரா?" அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அவர்கிட்ட சொல்றதும் ஒண்ணு, ரேடியோவுல சொல்றதும் ஒண்ணு! நாளைக்குத் தெருவுல நான் எப்படித் தலை நிமிந்து நடப்பேன்?"

"ரேடியோவுலயே வரட்டும்," என்றார் அப்பா. துண்டையும் சட்டையையும் கட்டிலில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

வலியக்கா பின்னாலேயே போனாள். சலூனில் மூன்று பேர் காத்திருந்தார்கள். நாற்காலியில் ஒருவர் முகம் நிறைய நுரையோடு சாய்ந்திருந்தார். குள்ளமான, தொப்பை போட்ட மாஸ்டர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒரு உதவி. எம்பொண்ணுக்கு வலி மாத்திரை குடுத்திருக்காங்க. அதை உங்க மேசையில பூட்டி வச்சுக்கணும். மூணு வேளையும் நீங்க கொண்டு வந்து குடுக்கணும். என் கையில குடுக்கக் கூடாது. நான் வந்து கெஞ்சினாலும் குடுக்கக் கூடாது."

"ஏன்?" என்று நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"முன்னாடி ரெண்டு வருஷம் நான் அதுக்கு அடிமையா கெடந்தேன். மறுபடி ஆக எனக்கு இஷ்டமில்ல."

சலூனில் பேப்பர் புரளும் சத்தம் நின்றது. காத்திருந்தவர்கள் காலண்டரைப் பார்த்தார்கள், கண்ணாடியைப் பார்த்தார்கள், அவரை மட்டும் பார்க்கவில்லை. இந்த மாஸ்டர் வாயிலிருந்து இப்போது ஒரு கேலி வந்துவிட்டால், அந்த மனுஷன் நேராக மாவு அறைக்குப் போய்விடுவார். அங்கிருந்து எங்கே போவார் என்று யாருக்குத் தெரியும்?

மாஸ்டர் கத்தியை மடக்கினார்.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

அவ்வளவுதான்.

"ஒம்பதரை, ஒண்ணரை, அஞ்சரை," என்றாள் வலியக்கா.

மாஸ்டர் கண்ணாடியின் ஓரத்தில் சோப்பால் எழுதி வைத்துக்கொண்டார். "முப்பத்தொரு படி, மூணு தடவை. என் சம்சாரம் சந்தோஷப்படுவா. தொப்பை கரையும்." பிறகு நாற்காலிக்காரரின் தோளைத் தட்டி, "ஏன்னு கேட்ட வாயை மூடுங்க சார், கத்தி படும்," என்றார்.

அன்று சாயங்காலம், விழுங்கிய மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த பிறகு, முட்டி எழுபத்துமூன்றைத் தொட்டது.

*

அம்மா இரவோடு இரவாகப் பெட்டியைத் திறந்து அட்டையை மாஸ்டரிடம் சேர்த்துவிட்டாள். வியாழக்கிழமை ஒன்பதரைக்கு ஒரு நிமிஷம் முன்னதாகக் கதவு தட்டப்பட்டது. மாஸ்டர் ஒரு கையில் சீப்போடும், மறு கையில் காகிதத்தில் மடித்த ஒரே ஒரு மாத்திரையோடும் நின்றார். கீழேயிருந்து, "மாஸ்டர், பாதி மீசையோட உக்காந்திருக்கேன்!" என்று கூச்சல்.

"இருய்யா, மீதி மீசை எங்கேயும் ஓடிப் போயிடாது!" என்று படிப்பக்கம் திரும்பிக் கத்திவிட்டு, பெண் விழுங்கும்வரை நின்று பார்த்தார். "வாயைத் திற. நாக்கைத் தூக்கு. சரி." அவராகவே கற்றுக்கொண்டுவிட்டார்.

அப்பா அன்று படுக்கவில்லை. கட்டிலின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார். அம்மா ஜோடிக்காரியிடம் சொல்லிவிட்டு அரைநாள் விடுப்பு எடுத்திருந்தாள்.

"நான் தூங்கலடா கண்ணு," என்றார் அப்பா. "கத்தணும்னா கத்து."

பத்து மணிக்குத் தட்டில் மாவு தூவினார்கள்.

"மூச்சை விடு. இழு. எத்தனை?"

"அஞ்சு."

"இன்னும் கொஞ்சம். எத்தனை?"

"ஆறு. ஆறரை. அக்கா... எட்டு! எட்டு!"

கத்தல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். அப்பாவின் முகம் கறுத்துச் சுருங்கியது. எழுந்து ஓடிவிடுவார் போலிருந்தது, ஓடவில்லை.

"எட்டா? நிறுத்து. அப்படியே வை, பின்னாடி போகாதே," என்றாள் வலியக்கா. அவள் கை முட்டியின்மேல் வெறுமனே கிடந்தது, அழுத்தவில்லை. "எட்டுல நான் மடக்க மாட்டேன். மூச்சு விடு. அப்பா கையைப் பிடிச்சுக்கோ. இறங்குதா?"

"ஏழு... ஆறு."

"ஆறுல எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருக்கலாம். ஆறு உன்னை ஒண்ணும் பண்ணாது. இப்ப ஒரு விரல் தூரம்."

ஒரு விரல் தூரம். அப்புறம் இன்னொரு விரல். பன்னிரண்டு மணிக்கு எழுபத்தேழு. மத்தியானம் மாஸ்டர் வந்து போனபிறகு எண்பது. சாயங்காலம் முட்டி வீங்கிக்கொண்டு எழுபத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வலியக்கா பட்டாணிப் பையை வைத்து, காலைத் தலையணைமேல் உயர்த்தி, "கோவிச்சுக்கிச்சு. தட்டிக் கொடுத்தா சரியாயிடும்," என்றாள். தொண்ணூறுக்கு இன்னும் பன்னிரண்டு. இருப்பதோ ஓர் இரவு.

*

டாக்டர் குறைவாகப் பேசுகிறவர். வெள்ளிக்கிழமை காலை, முட்டியை மடக்கச் சொன்னார். கோணமானியை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எண்பத்துநாலு."

அவர் வலியக்காவைப் பார்த்தார். "தொண்ணூறு சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை ஆபரேஷன் தியேட்டர் காலியா இருக்கு."

"டாக்டர், ஒண்ணு சொல்லணும்," என்றாள் வலியக்கா. "உங்களுக்கு நான் எழுதி அனுப்பின நம்பர் எல்லாம் தப்பு. மூணு மூணுன்னு எழுதினேன். அது எட்டு. மாத்திரை நேரத்துக்குப் போகல. போகலைங்கறதைக் கண்டுபிடிக்காம அழுத்தினது நான். செவ்வாய்க்கிழமை அறுபத்தெட்டு. ரெண்டு நாளாத்தான் சரியாப் போகுது. ரெண்டு நாள்ல பதினாறு ஏறியிருக்கு."

இதைச் சொல்வதால் தன் வேலைக்கு என்ன ஆகும் என்று அவள் யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"ஏன் போகல?" என்றார் டாக்டர்.

வலியக்கா வாயைத் திறக்கவில்லை. அது அவள் சொல்ல வேண்டியதல்ல.

"என்னாலதான்," என்றார் அப்பா. "வேற காரணம் இல்ல. இப்ப ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம்."

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு தன் கையை முட்டிக்கடியில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக ஆட்டிப் பார்த்தார். வெகுநேரம் ஆட்டினார்.

"நகருது," என்றார். "நகர்ற முட்டியை நான் தொட மாட்டேன். இன்னும் ரெண்டு வாரம் பாக்கலாம்."

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். பெண் ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் அடுத்த நோயாளியின் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடியே, மாத்திரைச் சீட்டை எழுதிக் கிழித்து, பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினார். பக்கத்தில் நின்றவர் அப்பா.

வெளியே நடையில் வந்ததும் நால்வரும் நின்றுவிட்டார்கள். சீட்டு அவர் கையில் இருந்தது. அதில் எழுதியிருந்த பெயர் அவருக்குப் பழக்கமான பெயர். ரெண்டு வாரத்துக்கு, ஒரு நாளைக்கு மூன்று. கட்டைவிரல் அந்தப் பெயரின்மேல் அழுந்தியிருந்தது. வாங்கிவிடலாம் என்று அம்மாவின் கை நீண்டது, பாதியில் நின்றது. இந்த இடத்தில் சொல்லிக்கொடுக்க வலியக்காவிடமும் பாடம் எதுவும் இல்லை.

நடையின் கோடியில் மருந்துக்கடையின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் சீட்டை நாலாக மடித்தார். நெற்றியில் வேர்த்திருந்தது.

"வாங்கிட்டு வரணும்," என்றார். பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், "தனியாப் போக பயமா இருக்கு. யாராச்சும் கூட வாங்க," என்றார்.

அம்மா ஓர் அடி எடுத்து வைப்பதற்குள், மகள் ஊன்றுகோல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

"நான் வரேன்பா. ஆனா மெதுவாத்தான் வருவேன்."

"மெதுவாப் போனா போதும் கண்ணு," என்றார் அப்பா.

அவர் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, அவள் ஒவ்வோர் அடியும் ஊன்றி முடிக்கும்வரை நின்று நின்று, கூடவே போனார்.